தோணியில முன்னால உக்காந்தவ

கல்யாணம் முடிஞ்சு நான் வந்த முதல் ஐப்பசி. இவுகளுக்குச் சோத்தப் போட்டு வெண்டைக்காப் புளிக்கொழம்ப ஊத்திக்கிட்டிருந்தேன். தெருவுல யாரோ "ஆத்துல தண்ணி வந்திருச்சு, ஆத்துல தண்ணி வந்திருச்சு"ன்னு கத்திக்கிட்டே ஓடுனாக. அவ்வளவுதான். பிசைஞ்ச சோத்த அப்படியே வட்டில்ல விட்டுட்டு, கையக்கூடக் கழுவாம எந்திரிச்சு ஓடிட்டாக என் வீட்டுக்காரரு. நான் கொழம்புக் கரண்டியும் கையுமா நிக்கிறேன்.

"தின்னுட்டுப் போனா தண்ணி வந்த வழியே திரும்பிப் போயிருமாக்கும்?"னு வாசல்ல நின்னு கத்துனேன். யாரு காதுல விழுந்துச்சு? ஊரே ஓடுது. சரி, அப்படி என்னதான் இருக்குன்னு நானும் கதவச் சாத்திட்டுப் பின்னாலயே போனேன்.

நான் பொறந்தது மல்லாங்கிணத்துப் பக்கம். எங்களுக்குத் தண்ணின்னா கெணத்துத் தண்ணி, இல்லாட்டி பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணி. ஆறுங்கிறத நான் பள்ளிக்கூடத்துப் புஸ்தகத்துலதான் பாத்திருந்தேன். கட்டிக் குடுத்த இந்த ஊரு திருச்சுழிக்குப் பக்கத்துல, குண்டாத்தங்கரை. ஆறுன்னு பேருதான். வருசத்துல பத்து மாசம் மணலு, மிச்ச நாளு ஈர மணலு. அன்னைக்குத்தான் அது தண்ணியா ஓடுறத முதல்ல பாத்தேன். காப்பித்தண்ணி மாதிரி நொரையும் செத்தையுமா, ஒரு கரையில இருந்து மறு கரை வரைக்கும்.

அதப் பாத்து வாயத் தொறந்துக்கிட்டு நிக்கும்போதுதான் அவளையும் பாத்தேன். கரையோரம் பனமரத்தக் கொடைஞ்சு செஞ்ச ஒரு தோணி கெடக்குது. அதுல முன்னால ஒருத்தி சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு, கையில தேங்காச் செரட்டையோட சட்டமா உக்காந்திருக்கா. என் புருசன் ஓடி வந்ததும், "ஏன் மச்சான் இம்புட்டு நேரம்?"னு கேக்குறா. இவுக சிரிச்சுக்கிட்டே பின்னால ஏறி, மூங்கில் கழிய ஊனித் தள்ளுறாக. தோணி போயிருச்சு.

மச்சானாம். எங்க ஊருப் பக்கம் கட்டுன புருசனையே 'ஏங்க'ன்னுதான் கூப்பிடுவோம். எனக்கு உள்ளங்கால்ல பிடிச்ச எரிச்சல் உச்சி மண்டையில போயித்தான் நின்னுச்சு.

அவ யாருன்னா, இவுக அத்தை மக. ரெண்டு தெரு தள்ளிக் கெழக்கு வீடு. எங்களுது மேக்கு வீடு. எங்க ஊருக் கண்மாய்க்கு ரெண்டு மடை. கெழக்கு மடைத் தண்ணிக்கு அவுக வீடு காவல், மேக்கு மடைத் தண்ணிக்கு எங்க வீடு காவல். எந்த வயலுக்கு எப்ப மடை தொறக்கணும், எப்ப அடைக்கணும்னு இந்த ரெண்டு வீடும்தான் பாக்கணும். அதுக்கு முன்னால ஆத்துத் தண்ணியக் கண்மாய்க்குத் திருப்பணும். ஆத்துக்குக் குறுக்க மணலு, வைக்கலு, வேலிக்கருவ முள்ளு எல்லாம் போட்டு ஒரு கட்டுக் கட்டுவாக. கொரம்புன்னு பேரு. கொரம்புல முட்டி நிக்கிற தண்ணி பக்கத்துக் கால்வாயில திரும்பிக் கண்மாய்க்கு வரும். கீழ்க்கரை ஊர்க்காரவுகளுக்கு அது ஆகாது. தண்ணி அவுக பக்கம் போகணும்ல? அசந்தா ரெண்டு மம்பட்டி வெட்டுப் போதும், கொரம்பு கரைஞ்சு போயிரும். அவுக வெட்டாட்டியும் நண்டு வளை போட்டுக் கசிய விட்டுரும். அதனால தண்ணி நிக்கிற வரைக்கும் தோணியில போய்க்கிட்டும் வந்துக்கிட்டும் காவல் காக்கணும்.

அந்தத் தோணியில ஒரு சட்டம் உண்டு. அதுல ரெண்டு பேருதான் போகலாம். அந்த ரெண்டு பேரும் ஒரே வீட்டு ஆளா இருக்கக் கூடாது. கெழக்கு வீட்டுல ஒருத்தரு, மேக்கு வீட்டுல ஒருத்தரு. ஒரு வீட்டு ஆளே ரெண்டு பேரும் போனா தன் மடைக்குத் தண்ணியத் தள்ளிக்கிருவாகன்னு ஒருத்தரு மேல ஒருத்தரு காவல். அவ அப்பா செத்துப்போனாரு, கூடப் பொறந்த ஆம்பளப் பிள்ளையும் இல்ல. அவளக் கட்டுன மாப்பிள்ளை வீட்டோட மாப்பிள்ளைதான், ஆனா அருப்புக்கோட்டை மில்லுக்கு ஷிப்டு வேலைக்குப் போற ஆளு. பஸ்ஸுல ஏறுவாரே தவிர தோணியில கால வைக்க மாட்டாரு. அதனால கெழக்கு வீட்டு ஆளு அவதான்.

எல்லாம் ஞாயந்தான். ஞாயமா இருந்ததுதான் எனக்கு ஆத்தாமை. எதச் சொல்லிச் சண்டை போடுறது? 'அவ கூடப் போகாதீக'ன்னு சொன்னா, 'அப்ப ஊருத் தண்ணிய யாரு காக்குறது?'ன்னு கேப்பாக. 'நான் வாரேன்'னு சொன்னா, 'நீ நம்ம வீட்டு ஆளுல்ல?'ன்னு கேப்பாக. ரெண்டு பக்கமும் வாய அடைச்சாச்சு.

அந்த எரிச்சல்ல எண்ணெய ஊத்துனது எதிர்த்த வீட்டுக்காரி. டவுனுக்குப் போற பஸ்ஸுல பக்கத்துல வந்து உக்காந்தா. டிக்கெட் வாங்குறதுக்குள்ள ஆரம்பிச்சுட்டா. "உனக்குத் தெரியாதா? அவளத்தான் முதல்ல உன் வீட்டுக்காரருக்குப் பேசுனாக. முறைப்பொண்ணுல்ல? ஊருதான் விடல"ன்னா. ஏற்கெனவே இவுக அத்தைய அந்த வீட்டுக்குக் குடுத்ததுக்கே ஊரு மொறைச்சுச்சாம். இன்னொரு கல்யாணமும் நடந்தா ரெண்டு வீடும் ஒண்ணாயிரும், அப்புறம் தண்ணிக்கு எது காவல்னு பெரியாளுக கூடிப் பேசி வேண்டாம்னுட்டாகளாம். அதனாலதான் தண்ணிக்கும் தோணிக்கும் சம்பந்தமே இல்லாத ஊருல பொண்ணு தேடி, என்னையக் கொண்டாந்தாக.

பாளையம்பட்டி வந்தது தெரியல, அருப்புக்கோட்டை வந்தது தெரியல. என்ன வாங்கப் போனேன்னும் மறந்துபோச்சு. நல்லா யோசிச்சுப் பாருங்க. இவுகளையும் அவளையும் சேர விடாம ஊரு பிரிச்சுச்சு. பிரிச்சுட்டு, ஐப்பசி பொறந்தா ஒரே தோணியில ஏத்தி ஆத்துக்கு அனுப்புது. பொண்டாட்டி வீட்டுல கொழம்பச் சூடு பண்ணிக்கிட்டு இருக்கணுமாம். இது எந்த ஊரு ஞாயம்?

இவுககிட்ட நேரடியாவே கேட்டேன். "அவளக் கட்டணும்னு உங்களுக்கு ஆசை இருந்துச்சா?"

மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கிட்டிருந்தவுக நிமிந்து பாத்துட்டு, "அதெல்லாம் எந்தக் காலத்துக் கதை"ன்னாக.

"ஆமாவா இல்லையா?"

"போடி அங்கிட்டு, வேலை கெடக்கு"ன்னுட்டு வாளியத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாக. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா மனுசன்? அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வருசக்கணக்கா நான் வயித்தெரிச்சல்ல வெந்தேன்.

தண்ணி வந்தா நான் தூக்குவாளியில சோத்தக் கட்டிக்கிட்டுக் கரைக்குப் போயிருவேன். எல்லாரும் 'பாரு, புருசன் மேல எம்புட்டுப் பாசம்'னு பேசிக்கிருவாக. பாசமா? வேவு பாக்கப் போறேன். கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டு அந்தத் தோணியவே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். தூரத்துல ரெண்டு தலை தெரியும். முன்னால அவ, பின்னால இவுக. என்ன பேசுறாகன்னு ஒண்ணும் கேக்காது. கேக்காததுதான் கொல்லும். பேசுறாகளா, சிரிக்கிறாகளா, பழசெல்லாம் நெனைச்சுக்கிறாகளா? நானே அவுக பேசுற மாதிரி நெனைச்சு, நானே அதுக்குக் கோவிச்சுக்கிட்டு, வீட்டுக்கு வந்ததும் இவுககிட்ட மொகத்தத் தூக்கி வச்சுக்கிருவேன். இவுக பாவம், உப்பு கூடிப்போச்சோ கொறைஞ்சுபோச்சோன்னு கொழம்ப நக்கிப் பாப்பாக.

அவ கெட்டவளா இருந்திருந்தாலும் தேவலை. வழியில பாத்தா, "அக்கா, சாப்புட்டீகளா?"ம்பா. எனக்கு மூத்த பிள்ளை பொறந்தப்ப கொரவ மீனு கொண்டாந்து குடுத்தா, பால் ஊறும்னு. வாங்கி, கொழம்பு வச்சு, திட்டிக்கிட்டே தின்னேன். நல்ல மீனு, அதையும் சொல்லணும்ல.

அவளுக்கு நீச்சல் தெரியும், எனக்குத் தெரியாது. அதையாவது சரிக்கட்டுவோம்னு ஆத்தா வீட்டுக்குப் போனப்ப எங்க மதினிகிட்டச் சொன்னேன். மதினி முதுகுல சொரைக்குடுக்கையக் கட்டி, பம்புசெட்டுக் கெணத்துல எறக்கி விட்டாக. குடிச்ச தண்ணிக்குக் கணக்கே இல்ல. "ஏட்டி, புள்ளை பெத்த வயசுல உனக்கு எதுக்கு இந்தக் கூத்து?"ன்னு கேட்டாக. ஒடம்புக்கு நல்லதுன்னேன். ரெண்டு மூணு தடவை போய் வந்ததுக்கு அப்புறம் குடுக்கை இல்லாமலே மெதக்க ஆரம்பிச்சேன்.

கத்துக்கிட்ட நேரம், மழை இல்ல. அடுத்தடுத்து வறண்ட வருசமாப் போச்சு. ஆத்துல மணலு கொதிக்குது. கண்மாய்க்குள்ள கருவேலஞ்செடி முளைச்சு மரமாயிருச்சு. தோணியக் குப்புறக் கவுத்துப் போட்டு, அது மேல சனங்க உக்காந்து வெத்தலை போட்டாக. ஊரே வானத்தப் பாத்து ஏங்குது. வயலு போட முடியாம பாதிப்பேரு திருப்பூருக்கும் சிவகாசிக்கும் போறாக. எனக்கும் கவலைதான், எங்க வயலும்தான காயுது? ஆனா நெசத்தச் சொல்லணும்னா, சாயங்காலம் இவுக வீட்டுல எனக்கு எதிர்த்தாப்புல உக்காந்து சோறு தின்னும்போது, மனசுக்குள்ள ஒரு ஓரத்துல குளுகுளுன்னு இருக்கும். இந்த வருசம் எவளும் என் புருசனுக்கு முன்னால உக்காரல.

தொண்ணூறு பொறந்து கொஞ்ச வருசங் கழிச்சுத்தான் திரும்ப ஆறு வந்துச்சு. அதுவும் லேசா இல்ல. மேக்க நல்ல மழையாம், காலையிலேயே கரை தொட்டு வருது. ஊரு கூடி விழுந்தடிச்சுக் கொரம்பு கட்டிருச்சு. தோணியப் பொரட்டிப் போட்டு, வெயில்ல விட்ட வெடிப்புக்கெல்லாம் களிமண்ண வச்சு அப்புனாக. பனந்தோணிக்கு வேர்ப்பக்கம் தானா மூடியிருக்கும். வெட்டுன பக்கம்தான் பலகை வச்சுக் களிமண்ணு பூசணும். அந்தப் பக்கம்தான் முன்பக்கம். முன்னால உக்கார்றவ அந்த மண்ணக் காலால அமுக்கிப் பிடிக்கணும், ஏறுற தண்ணிய செரட்டையால கோரி ஊத்தணும், ஒரு கையத் தண்ணிக்குள்ள விட்டுக்கிட்டே வரணும். கொரம்பு கசியிற எடத்துல தண்ணி கைய இழுக்கும். அங்க வைக்கலத் திணிச்சு அடைக்கணும்.

எல்லாம் ஆயத்தம், அவளக் காணோம். முந்தின நாளு வெறகு வெட்டப் போன எடத்துல கருவமுள்ளு பாதத்துல ஏறி ஒடைஞ்சிருச்சாம். காலு பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்குதாம். கெழக்கு வீட்டுல இருந்து வேற ஆளு யாரு? மாப்பிள்ளை மில்லுல. பெரியாளுக மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கிறாக. தண்ணி ஏறுது. அப்ப அவ சொல்லி அனுப்புனதா அவ பிள்ளை ஓடி வந்து சொல்லுது. "எங்க வீட்டு ஆளா அக்கா போகட்டும்."

அக்கான்னா நான்தான்.

கூட்டத்துல ஒரே சலசலப்பு. "அது எப்படி? புருசனும் பொண்டாட்டியும் ஒரே வீடுல்ல?"ன்னு ஒரு பெரியாளு. இன்னொருத்தரு, "இது வெளியூருப் பொண்ணு. கெழக்கு வீடே நம்பி அனுப்புறப்ப நமக்கென்ன? தண்ணி நிக்குமாய்யா நம்ம பேசி முடிக்கிற வரைக்கும்?"ன்னாக. இவுக என்னையப் பாத்து, "உனக்குத்தான் நீச்சல் தெரியாதே"ன்னாக.

"யாரு சொன்னா?"ன்னுட்டு சேலையத் தூக்கிச் செருகுனேன். இத்தனை வருசம் நான் காத்துக்கிட்டிருந்த எடம். அதுவும் அவ குடுத்து, அவ ஆளா, அவ செரட்டைய வாங்கிக்கிட்டு உக்கார்றேன். என் தலையெழுத்தப் பாத்தீகளா?

ஏறும்போது இவுக ஒண்ணே ஒண்ணு சொன்னாக. "முன்னாலயே பாத்து உக்காரு. திரும்பிராத. திரும்புனா கவுந்துரும்."

தோணி நகந்துச்சு. தண்ணி இந்தா, தோணி விளிம்புக்கு ஒரு விரக்கடை கீழ ஓடுது. கொரம்ப ஒட்டி மெதுவாப் போறோம். நான் மண்ணக் காலால அமுக்கிக்கிட்டு, கையத் தண்ணிக்குள்ள விட்டுக்கிட்டு வாரேன். ஜில்லுன்னு இருந்துச்சு. ஓரிடத்துல கைய யாரோ இழுக்குற மாதிரி இருந்துச்சு. "இங்க"ன்னேன். தோணி நின்னுச்சு. வைக்கலத் திணிச்சேன். இழுப்பு நின்னுச்சு. திரும்ப நகந்துச்சு.

பேச்சே இல்ல. இவுக வாயத் தொறக்கவே இல்ல. நானும் பேசல, பேசுனா கை இழுக்குறது தெரியாமப் போயிரும். கழி தண்ணியில எறங்குற சத்தம், செரட்டைச் சத்தம், அவ்வளவுதான். அட, இவ்வளவுதானா? இதுக்கா நான் வருசக்கணக்காக் கரையில உக்காந்து வெந்தேன்? பேச்சும் இல்ல, சிரிப்பும் இல்ல. ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்கக்கூட முடியாது. எனக்குச் சிரிப்பு வந்துச்சு.

சிரிப்பு அடங்குறதுக்குள்ள அடுத்த சந்தேகம் வந்து உக்காந்துக்கிருச்சு. முன்னால உக்கார்ற அவளுக்குத்தான் பின்னால இருக்குற மொகம் தெரியாது. பின்னால இருக்குறவுகளுக்கு எல்லாம் தெரியுமே? இத்தனை வருசமா இவுக அவ முதுகையும் அவ கொண்டையையும்தான பாத்துக்கிட்டு வந்திருக்காக? பாக்கும்போது மூஞ்சி எப்படி இருந்திருக்கும்? இப்ப என் முதுகப் பாத்துக்கிட்டு எப்படி இருக்குது? அவ இல்லையேன்னு தொங்கிப்போய் இருக்குதா?

திரும்பக் கூடாது. எனக்குத் தெரியும். காலுக்கடியில களிமண்ணு, கீழ ஆளு முங்குற தண்ணி, கரையில கீழ்க்கரை ஊர்க்காரவுக நாலஞ்சு பேரு மம்பட்டியோட எப்படா அசருவோம்னு நிக்கிறாக. எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் திரும்புனேன்.

கண்ணச் சிமிட்டுற நேரம்தான் பாத்தேன். இவுக என்னையப் பாக்கல. என் முதுகையும் பாக்கல. தூரத்துல, கால்வாய் வாயில தண்ணி திரும்பி வளைஞ்சு கண்மாய்க்குப் போகுதுல்ல, அதப் பாத்துக்கிட்டிருக்காக. அந்த மொகத்த நான் வீட்டுல ஒரு நாளும் பாத்ததில்ல. முதப் பிள்ளையக் கையில குடுத்தப்பவும் பாத்ததில்ல. வாயி லேசாத் தொறந்து, கண்ணு ரெண்டும் பளபளன்னு, சின்னப் புள்ளை மாதிரி அப்படி ஒரு சிரிப்பு. நாலு வருசமாத் தண்ணியில்லாமக் கெடந்த மனுசன்.

அவ்வளவுதான், தோணி ஒரு பொரளு பொரண்டுச்சு. வானம் கீழ போச்சு, தண்ணி மேல வந்துச்சு. மூக்கு, வாயி எல்லாம் செந்தண்ணி. கையக் கால அடிச்சு மெதந்து மேல வந்தா, இவுக என் சேலை முந்தியப் பிடிச்சுக்கிட்டு, "நீச்சல் எப்பக் கத்துக்கிட்டே?"ன்னு கேக்குறாக. கேக்குற நேரமா இது? கரையில கீழ்க்கரைக்காரவுக விழுந்து விழுந்து சிரிக்கிறாக. சிரிச்ச சிரிப்புல அவுகளே மம்பட்டியப் போட்டுட்டுக் குதிச்சு, எங்க தோணியப் பிடிச்சு இழுத்துக் கரையேத்துனாக. தோணிய இழுத்துக் குடுத்தவுக பெறகு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கொரம்ப வெட்டுவாக? வெத்தலை வாங்கிப் போட்டுட்டுப் போயிட்டாக. கொரம்பு நின்னுச்சு. கண்மாய் நெறைஞ்சு, மிச்சத் தண்ணி வழிஞ்சு மறுகாலும் போச்சு.

ஊருல என் கதைதான் பேச்சு. மறுநாளு அவளப் பாக்கப் போனேன், செரட்டையத் திருப்பிக் குடுக்கணும்ல. கட்டுல்ல கால நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தா, மஞ்சப் பத்துப் போட்டு. என்னையப் பாத்ததும் சிரிக்க ஆரம்பிச்சா பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. எனக்கும் சிரிப்பு அடக்க முடியல. ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சது அதுதான் முதத் தடவை.

சிரிச்சு ஓஞ்சு கண்ணத் தொடச்சுக்கிட்டே, "அவுக அம்புட்டுச் சொல்லியும் எதுக்குக்கா திரும்புனீக?"ன்னு கேட்டா.

"அவுக மூஞ்சியப் பாக்கணும்னு தோணுச்சு"ன்னேன்.

அவ சிரிப்பு நின்னுபோச்சு. செரட்டைய வாங்கி மடியில வச்சுக்கிட்டு, அதையே விரலால தடவிக்கிட்டிருந்தா. அடுப்படியில அவ பிள்ளைக என்னமோ உருட்டுற சத்தம் கேட்டுச்சு. தலையத் தூக்காமலே கேட்டா.

"எப்படி இருந்துச்சுக்கா?"

எனக்கு அப்பத்தான் எல்லாம் வெளங்குச்சு. எத்தனை ஐப்பசி, எத்தனை கார்த்திகை, அந்த மொகத்துக்கு ரெண்டு முழத்துக்கு முன்னால உக்காந்திருந்திருக்கா. ஒரு தடவை கூடத் திரும்பல. திரும்புனா ஊருத் தண்ணி போயிரும்னு முன்னாலயே பாத்துக்கிட்டு உக்காந்திருந்திருக்கா. என் சந்தேகம் வீண் சந்தேகம் இல்ல. ஆனா அவ ஆசை ஒரு நாளும் திரும்பிப் பாக்காம அவ முதுகோடயே நின்னுபோன சங்கதி.

அவளுக்குச் சொல்லியிருக்கலாம். வாயி லேசாத் தொறந்து, சின்னப் புள்ளை மாதிரி சிரிச்சுக்கிட்டிருந்தாகன்னு சொன்னா எனக்கு என்ன கொறைஞ்சிரும்? நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

"எப்பவும் போலத்தான் இருந்துச்சு"ன்னுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

அடுத்த தடவை தண்ணி வந்தப்ப அவ காலு சரியாயிருச்சு. அவதான் முன்னால உக்காந்தா. நான் தூக்குவாளியோட கரையில. அதுக்கப்புறம் ஆத்து மணலு லோடு லோடாப் போச்சு, கொரம்பு கட்டுறதும் நின்னுபோச்சு, தோணி இப்ப எங்க வீட்டுல மாட்டுக்குத் தண்ணித் தொட்டி. அவளுக்கும் எனக்கும் தலை நரைச்சிருச்சு. தொட்டிப் பக்கம் வந்து நின்னாள்னா பேசிக்கிட்டே இருப்பா, நடுவுல ஒரு நிமிசம் பேச்ச நிப்பாட்டி என் மூஞ்சியப் பாப்பா. என்ன கேக்க வாரான்னு எனக்குத் தெரியும். இந்தா, காப்பி ஆறுது, குடின்னு சொல்லிருவேன்.